விறாந்தையில் ஒரு சிறு பட்டறை
கடன்படாமல் கருவி சேர்ப்பது எப்படி?

இலங்கையின் தேயிலைக் கைத்தொழில் ஆரம்பித்தது பெரிய தொழிற்சாலையில் அல்ல, ஒரு வீட்டு விறாந்தையில். கண்டி மாவட்டத்தின் தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், தமது பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டச் செய்தார். களிமண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி, கம்பித் தட்டுகளில் அதைக் காய வைத்தார். ஐந்து வருடங்கள் கழித்து, 1872இல்தான் உருட்டும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். முதலில் வேலை, அதன் பின்னரே இயந்திரம் என்பதே அவர் சென்ற வழி.

கண்டியைச் சூழ்ந்த பகுதிகளுக்கு வீட்டுப் பட்டறை புதிய விடயமல்ல. பிலிமத்தலாவைப் பக்கத்தில் பித்தளை விளக்கு வார்க்கும் குடும்பங்களும், ஹுரிகடுவவில் மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றும் கைவினைஞர்களும் வீட்டோடு சேர்ந்த இடத்திலேயே தொழில் செய்து வந்துள்ளனர். தோட்டப்புறங்களிலும் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராகவோ, நகரத்துக் கராஜில் உதவியாளராகவோ வேலை செய்து, மாலையில் வீட்டில் எதையாவது கழற்றிப் பூட்டிக் கொண்டிருக்கும் இளைஞர்கள் பலர் உள்ளனர். ஆசைக்காகச் செய்யும் இந்த வேலையே பின்னர் மேலதிக வருமானமாகவும் சுயதொழிலாகவும் மாறுவதுண்டு.

ஆனால் இங்கேதான் ஒரு குழியும் இருக்கிறது. ஆசை மேலிட்டதும் முதலில் கண்ணுக்குத் தெரிவது கடைச்சல் இயந்திரமாகிய லேத். அதனைத் தவணைக் கடனில் எடுத்து, வேலை வராமல், மனைவியின் நகையை அடகு வைத்துத் தவணை கட்டும் நிலை ஏற்பட்டால் பட்டறையும் போய்விடும், நிம்மதியும் போய்விடும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியை நாம் மறப்பதற்கில்லை. அவ்வருடம் மார்ச் மாதத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. இறக்குமதிக் கருவிகளின் விலையும் அதனோடு ஏறியது. எனவே சிறு பட்டறை அமைப்போருக்கு நாம் கூற விரும்புவது ஒன்றே: ஒவ்வொரு கருவியும் அடுத்த கருவிக்கான காசை உழைத்துத் தர வேண்டும். லேத் கடைசியில் வரட்டும்.

முதலில் ஒரு கொப்பி

பட்டறைக்கு வாங்க வேண்டிய முதலாவது பொருள் 80 பக்கக் கொப்பி ஒன்று. மூன்று மாதங்களுக்கு அதில் நான்கு விடயங்களை எழுதி வாருங்கள்: உங்களிடம் வந்த வேலை, அதைச் செய்ய உங்களிடம் இல்லாதிருந்த கருவி, வெளியில் கொடுத்துச் செய்வித்த செலவு, அதற்காக அலைந்த நேரம்.

மூன்று மாத முடிவில் அந்தக் கொப்பியே உங்களுக்கு வழி சொல்லும். துளையிடுவதும் மரை வெட்டுவதுமே அதிகம் என்றால் உங்களுக்குத் தேவை துளைக்கும் இயந்திரம். கதவுக் கம்பியும் கேற்றுமே அதிகம் என்றால் வெல்டிங். மருந்து விசிறும் பம்பிக்குப் புஷ், மிளகு இயந்திரத்துக்குத் தண்டு, முச்சக்கர வண்டிக்குப் பின் என மாதம் பல தடவை லேத் கடைக்குப் போயிருந்தால் மாத்திரமே லேத் பற்றி யோசிக்கலாம்.

மேசையும் வைஸும்

பட்டறையின் உயிர் மேசையும் வைஸுமே. ஆடாத கனத்த பலகை மேசை ஒன்றைச் செய்து சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை இருக்கும் உயரத்தில் வைஸின் வாய் இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் முதுகு வலிக்கும். உயர்ந்தால் அரம் நேராக ஓடாது.

நான்கு அங்குல வாயுள்ள பழைய வைஸ் ஒன்று, மலிவான புதிய வைஸை விடச் சிறந்ததாக இருக்கலாம். பழைய இரும்புக் கடையில் அதைப் பார்க்கும்போது மூன்று சோதனைகள் செய்யுங்கள். சிறு சுத்தியலால் தட்டுங்கள். மணி போல ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் வெடிப்பு இருக்கலாம். வாயின் இரு ஓரங்களிலும் கடதாசித் துண்டு வைத்து இறுக்குங்கள். ஒன்று இறுகி மற்றது கழன்றால் வாய் கோணலானது. பிடியைத் திருகி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அதிகம் ஆடினால் உள்ளே மரை தேய்ந்துள்ளது.

அடுத்தது அளக்கும் கருவிகள். 30 சென்றிமீற்றர் இரும்பு அடிமட்டம், மூலைமட்டம், கோடு கீறும் ஊசி, சென்டர் பஞ்ச், 150 மில்லிமீற்றர் வேணியர் ஆகியன போதும். வேணியர் சரியாக உள்ளதா என அறிய விலையுயர்ந்த அளவுக் கட்டை தேவையில்லை. 6204 இலக்கப் புதிய பெயாரிங் ஒன்றை அளந்து பாருங்கள். வெளிவிட்டம் 47 மில்லிமீற்றர், உள்விட்டம் 20 மில்லிமீற்றர். நல்ல பெயாரிங்கில் இவ்விரு அளவுகளும் மில்லிமீற்றரின் நூறில் சில பங்குக்கு மேல் பிசகாது. அதேபோல் 10 அல்லது 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடித் துண்டு ஒன்றைச் சமமான பலகையில் வைத்தால், சிறு பட்டறைக்குப் போதிய சமதளம் கிடைத்துவிடும்.

அரங்களில் கரடும் மென்மையுமாக இரண்டு தட்டை அரம், ஓர் அரைவட்ட அரம், ஓர் உருட்டு அரம் வாங்குங்கள். பிடி இல்லாத அரத்தை எக்காரணம் கொண்டும் பாவிக்கக் கூடாது. அதன் கூர்வால் உள்ளங்கையில் ஏறிவிடும். புதிய அரத்தை முதலில் பித்தளையிலும் பின்னர் இரும்பிலும் பாவித்தால் நீண்ட காலம் உழைக்கும். பற்களில் சோக்கட்டி பூசினால் இரும்புத்தூள் அடையாது.

இவ்வளவும் சேர்ந்ததும் ஒரு பயிற்சி செய்யுங்கள். இரும்புத் துண்டொன்றை வாளால் அறுத்து, 25 மில்லிமீற்றர் கனசதுரமாக அராவி எடுங்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சாதாரணக் கடதாசியின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். அதனிலும் குறைந்த இடைவெளியைக் கூட வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும். ஆறு பக்கமும் வெளிச்சம் தெரியாமல் முடிப்பவருக்கு லேத் இல்லாமலேயே பாதி வேலைகளைச் செய்யலாம். முடிக்காதவருக்கு லேத் இருந்தும் பயன் குறைவு.

துளையும் மரையும்

இரண்டாம் கட்டத்தில் சிறு மேசை டிரில் ஒன்றும், அங்கிள் கிரைண்டர் ஒன்றும், மரை வெட்டும் டெப்பும் டையும் வரலாம். டெப் முழுப் பெட்டியாக வாங்க வேண்டியதில்லை. எம்6, எம்8, எம்10 ஆகிய மூன்று அளவுகள் பெரும்பாலான வேலைக்குப் போதும். இவற்றுக்கு முறையே 5.0, 6.8, 8.5 மில்லிமீற்றர் துளை இட வேண்டும். சிறிய துளையில் டெப்பை வலிந்து திருகினால் அது உள்ளேயே முறிந்துவிடும். வெட்டும்போது எண்ணெய் இடுங்கள். வேறெதுவும் இல்லாவிடின் தேங்காயெண்ணெயும் உதவும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்பது பழைய மேஸ்திரிமார் சொல்லித் தந்த முறை.

எமது மலைநாட்டில் மரை பற்றி இன்னொரு விடயத்தையும் அறிந்திருக்க வேண்டும். பழைய தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களில் பெரும்பாலானவை பிரித்தானியர் செய்தவை. அவற்றில் இருப்பது ஜோசப் விட்வேர்த் 1841இல் வகுத்த அங்குல மரை. அதன் பற்கோணம் 55 பாகை. இன்றைய மெற்றிக் மரைக்கும் அமெரிக்க அங்குல மரைக்கும் பற்கோணம் 60 பாகை. அரை அங்குல விட்வேர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை. அமெரிக்கக் கரட்டு மரை அரை அங்குலப் போல்ட்டில் 13. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், இரண்டு மூன்று சுற்று ஏறவும் செய்யும். பின்னர் இறுகும். அப்போது ஸ்பேனரில் குழாய் போட்டுத் திருகுபவர் நூறு வருடப் பழைய வார்ப்பிரும்பின் மரையைக் கெடுத்துவிடுகிறார். மரை அளக்கும் இதழ்க்கருவி மலிவானது. அதை வைத்துப் பார்த்த பின்னரே எதையும் திருக வேண்டும். பழைய இயந்திரங்களை ஒரே இடத்தில் பார்க்க விரும்புவோர் ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்குச் செல்லலாம். அது 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலைக் கட்டடத்தில் 2001இல் திறக்கப்பட்டது.

பழைய இரும்பில் மறைந்திருக்கும் கருவி

லொறியின் பழைய வில்தகடு நல்ல உருக்கு. அதில் உளியும் பஞ்சும் செய்யலாம். உலையில் சூடாக்கி, காந்தம் ஒட்டாத நிலையைத் தாண்டிச் சற்றே கூடிய சூட்டில் எண்ணெயில் தோய்த்தால் அது கடினமாகும். ஆனால் கண்ணாடி போல உடையவும் கூடும். ஆகவே பளபளப்பாகத் தேய்த்து மீண்டும் மெல்லச் சூடாக்க வேண்டும். வைக்கோல் நிறம் தோன்றும்போது ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ். ஊதா நிறம் ஏறத்தாழ 280. இரும்பு வெட்டும் உளிக்கு ஊதா நிறத்தில் நிறுத்துவது நல்லது. பழைய என்ஜினின் பிஸ்டன் பின் நேரான, கடினமான உருளை. பல வேலைக்கு அச்சாக உதவும். தேய்ந்த அரத்தை மட்டும் நெம்புகோலாகவோ, சுத்தியலால் அடித்தோ பாவிக்காதீர்கள். சிதறிக் கண்ணில் தெறிக்கும்.

அமெரிக்கரான டேவிட் ஜின்ஜரி 1980களில் வெளிவந்த ஏழு நூல்களில், பழைய பொருட்களைக் கொண்டு முழுப் பட்டறையையே அமைக்கும் முறையை விளக்கினார். முதல் நூலில் கரி அடுப்பில் அலுமினியத்தை உருக்கி வார்க்கும் வழி; அடுத்ததில் அந்த வார்ப்புகளால் லேத்; பின்னர் அந்த லேத்தின் உதவியோடு ஏனைய இயந்திரங்கள். எல்லோருக்கும் இது ஏற்ற வழியல்ல. அலுமினியம் உருகுவது 660 பாகையில். ஈரமான அச்சில் ஊற்றினால் நீர் ஆவியாகி உலோகத்தை முகத்தில் வீசிவிடும். வார்ப்பு வேலையைப் பிலிமத்தலாவையில் உள்ளதுபோன்ற அனுபவம் வாய்ந்தவரிடம் ஒப்படைத்து, அராவிச் செம்மைப்படுத்துவதை நீங்கள் செய்வதே புத்திசாலித்தனம்.

பழைய லேத் வாங்கும்போது

கொப்பி உங்களை லேத் வரை கொண்டு வந்துவிட்டதா? அப்படியாயின் பெயின்டைப் பார்த்து வாங்காதீர்கள். லேத்தின் படுகை அதிகம் தேய்வது சக்கிற்கு அருகில்தான். வண்டியைச் சக்கிற்கு அருகே வைத்து, ஆடாமல் ஓடும்படி இறுக்குங்கள். பின்னர் மறுமுனைக்குத் தள்ளுங்கள். அங்கே இறுகி நின்றால் படுகை தேய்ந்துள்ளது. சக்கில் நீண்ட தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் செலவு வரும். பற்சில்லுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அங்குல லேத்தாக இருந்தால் 127 பல்லுச் சில்லு உண்டா எனக் கேளுங்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், அந்தச் சில்லு இருந்தால்தான் அங்குல லேத்தில் மெற்றிக் மரையைத் துல்லியமாக வெட்டலாம். சக்கும், மாற்றுச் சில்லுகளும், வெட்டுக்கருவி பிடிக்கும் கட்டையும் இல்லாத லேத் மலிவானதல்ல. அவற்றைத் தேடி வாங்கும் செலவு லேத்தின் விலையையே எட்டக்கூடும்.

மின்சாரத்தையும் பாருங்கள். தொழிற்சாலை லேத்துகள் பெரும்பாலும் மூன்று கட்ட 400 வோல்ட் மோட்டார் கொண்டவை. வீட்டுக்கு வருவதோ பொதுவாக ஒரு கட்ட 230 வோல்ட். சிறு லேத்துக்கு ஒரு குதிரைவலு, அதாவது ஏறத்தாழ 746 வாட் மோட்டார் போதும்.

வேகத்தைக் கப்பியால் சரிசெய்யலாம். மென்னிரும்பை ஹைஸ்பீட் உருக்குக் கருவியால் கடையும்போது நிமிடத்துக்கு 25 மீற்றர் வேகம் பாதுகாப்பானது. 25 மில்லிமீற்றர் தண்டுக்கு இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 320 சுற்று. 1440 சுற்று மோட்டாரில் 50 மில்லிமீற்றர் கப்பியும், லேத்தில் 225 மில்லிமீற்றர் கப்பியும் பூட்டினால் இதே 320 கிடைக்கும். தண்டு பருத்தால் சுற்றைக் குறைக்க வேண்டும். கருவியின் நுனி நீலமாகிக் கருகுவது பெரும்பாலும் வேகம் கூடியதன் அடையாளம்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை அனுபவித்தவர்களுக்கு இன்னொன்று சொல்லலாம். பழைய தையல் இயந்திரத்தின் கால்மிதிச் சட்டத்தை வீசிவிடாதீர்கள். ஒருவர் காலால் தொடர்ந்து தரக்கூடிய வலு ஏறத்தாழ 75 வாட்தான். ஆயினும் பித்தளையிலும் மரத்திலும் சிறு கடைச்சல் வேலைக்கும், கருவி தீட்டவும் அது போதுமானது.

லயத்தில் இருப்போர் கவனத்துக்கு

லயக் காம்பராவில் பட்டறை வைப்பது தனி வீட்டில் வைப்பது போன்றதல்ல. பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. ஓர் அறையில் பற்றிய தீ எல்லா அறைக்கும் பரவும். பழைய வயரிங் வெல்டிங் இயந்திரத்தின் சுமையைத் தாங்காது. எனவே லயத்தினுள் வெல்டிங்கும் உலையும் வேண்டாம். வைஸும் அரமும் கொண்ட மேசையோடு நிறுத்திக் கொள்ளுங்கள். அதற்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியையும் அயலவரின் சம்மதத்தையும் பெற்றுக் கொள்வது நல்லது. நில இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்சும் இல்லாத இடத்தில் மின் இயந்திரம் எதையும் இயக்க வேண்டாம்.

சாரம் உடுத்திக்கொண்டு சுழலும் இயந்திரத்தின் அருகில் நிற்கக் கூடாது. தொங்கும் பின்னல், துப்பட்டா, வளையல், சங்கிலி, கையுறை எதுவுமே ஆகாது; சுழலும் தண்டு கையுறையைக் கவ்வினால் கையையும் இழுத்துவிடும். கிரைண்டரின் பாதுகாப்பு மூடியைக் கழற்றாதீர்கள். நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் அதில் மரம் அறுக்கும் வட்ட வாளைப் பூட்டுவது உயிராபத்து. துத்தநாகம் பூசிய குழாயை மூடிய அறையில் வெல்டிங் செய்தால் அதன் புகை காய்ச்சலைத் தரும். எரிபொருள் இருந்த பீப்பாயை ஒருபோதும் வெல்டிங் செய்யாதீர்கள். மூக்குக் கண்ணாடி கண்ணைக் காக்காது. பாதுகாப்புக் கண்ணாடியை முதல் நாளே வாங்குங்கள்.

கருவிச் சீட்டு

தனியே வாங்க முடியாததைச் சேர்ந்து வாங்கலாம். சீட்டுப் பிடிப்பது எமது மக்களுக்குப் பழக்கமானதே. நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து மாதச் சீட்டொன்றைத் தொடங்கி, காசுக்குப் பதிலாகக் கருவி எடுப்பதெனத் தீர்மானித்தால் என்ன? ஒருவர் டிரில் எடுத்தால் இன்னொருவர் டெப், டை எடுக்கட்டும். எட்டுப் பேரும் எட்டு டிரில் வாங்க வேண்டியதில்லை. யாரிடம் என்ன உள்ளது, யார் இரவல் எடுத்தார், உடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை ஆரம்பத்திலேயே எழுதி எல்லோரும் கையொப்பமிட வேண்டும். எழுதாத சீட்டு நட்பைக் கெடுக்கும்.

கைத்திறனுக்குச் சான்றிதழும் தேடுங்கள். பாடநெறியொன்றைப் பின்பற்றாதவர்களும், பல வருட அனுபவத்தை நிரூபித்து மதிப்பீட்டுக்குத் தோற்றி, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழைப் பெற வழியுண்டு. 1990ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிடம் இது பற்றி விசாரிக்கலாம். மதிப்பீட்டாளரிடம் காட்ட, நீங்கள் செய்து முடித்த வேலைகளை எழுதி வைத்த அந்தக் கொப்பி கைகொடுக்கும்.

இவ்வாறு படிப்படியாகச் சேர்த்தால், லேத் வாங்கும் நாளுக்கு இரண்டு மூன்று வருடங்கள் ஆகலாம். ஒருவேளை அந்த நாள் வராமலே போகலாம். வைஸும் டிரிலும் கொண்டே உங்கள் வேலை முழுவதும் நடந்துவிடலாம். அதில் குறையொன்றுமில்லை. யாருக்கும் தவணை கட்ட வேண்டியதில்லாத ஒரு மேசையும், அதன்மேல் வெளிச்சம் புகாத ஓர் இரும்புக் கனசதுரமும் எந்த வீட்டுக்கும் நல்ல முதல்தான். இந்த மாதமே ஒரு கொப்பியை வாங்கி, நாளை வரும் முதல் வேலையை அதில் எழுதுங்கள்.